நிலைப்படிக்கு வெளியே உன் அப்பா

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை உன் கல்யாணத்துக்காகக் கோவில் மண்டபத்தைப் பார்க்கப் போனபோது அங்கே இருந்தவர்கள் இவர்கள்: நான், உன் அப்பா, தங்காக்கிலிருந்து வந்த சம்பந்தியும் அவர் மனைவியும், அவர்கள் மகள் மாலதி, மண்டபச் செயலாளர், மண்டபத்தின் சாவியை வைத்திருக்கும் காவல்காரர். நீ இல்லை. ஞாயிறும் வேலை என்று சொல்லிவிட்டாய். தினமும் வரவு செலவு எழுதிப் பழகிய கை இது. யார் இருந்தார், யார் இல்லை என்று முதலில் எழுதினால்தான் அடுத்த வரி எனக்கு ஓடும். போனில் பேசினால் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்பாய். குரலைப் பதிந்து அனுப்பினால் அதை வேகமாக ஓட்டிக் கேட்பாய் என்று உன் அக்கா சொல்லியிருக்கிறாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, பூஜை விளக்கை ஏற்றிவிட்டு என்ன வேண்டுவது என்று தெரியாமல் நிற்கிறேன். அதிர்ச்சி என்ற வார்த்தையை நான் பேப்பரில்தான் படித்திருக்கிறேன். அது உடம்புக்குள் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

உன் அப்பா அன்று விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். சீனி வியாதியில் ஒரு காலை எடுத்ததிலிருந்து அவர் போகாமல் விட்ட இடங்கள் எத்தனை என்று உனக்குத் தெரியாது. பேங்க் வாசலில் படி, போவதில்லை. முடி வெட்டும் கடை மாடியில் இருக்கிறது, அந்தப் பையன் வீட்டுக்கு வந்து வெட்டிவிட்டுப் போகிறான். கிளினிக்கில் மட்டும் வழி சமமாக இருக்கிறது. அதனால் அவருடைய உலகம் வீடும் கிளினிக்கும் என்று சுருங்கிவிட்டது. ஆனால் இந்த மண்டபத்தைப் பார்க்க அவருக்கு ஆசை. ஏனென்றால் அதன் வரைபடத்தை உன் கம்பெனியில் நீ வரைந்தாய். கிளினிக்கில் பக்கத்தில் உட்காருகிற ஒருவரையும் அவர் விட்டு வைக்கவில்லை, மலாய்க்காரராக இருந்தாலும் சீனராக இருந்தாலும், ‘எங்க பையன் போட்ட பிளான்’ என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் மருந்துச் சீட்டை நீட்டுவார்.

நம் ஊர் கோத்தா திங்கியில் வெள்ளம் வராத வருடத்தை நாம் வரமாக எண்ணுகிறோம். அதனால் மண்டபத்தை நல்ல உயரத்தில் கட்டியிருக்கிறார்கள். முன்னால் அகலமான படிகள். பக்கவாட்டில் நீ வரைந்த அந்தச் சாய்வுப் பாதை. இரண்டு பக்கமும் பிடி, நடுவில் இளைப்பாற ஒரு சமதளம். சம்பந்தி சக்கர நாற்காலியைத் தள்ள வந்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஓட்டிய காலத்தில் போட்ட துணி உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஏறினார். நான் பின்னால் கையைக் குவித்தபடி போனேன், விழுந்தால் பிடிக்க. அவர் விழவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பிச் சம்பந்தியைப் பார்த்து, “எங்க பையன் போட்ட ரேம்ப். பாத்தீங்களா, எனக்கு மூச்சுக்கூட வாங்கல” என்றார். தம்பி, அந்த முகத்தை நான் இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த நிமிடத்தோடு இந்தக் கடிதம் முடிந்திருந்தால், இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

அடுத்து கதவு. கதவுக்குக் கீழே, குறுக்கே, கருங்கல்லில் ஒரு நிலைப்படி. என் கணுக்காலுக்கு மேல் உயரம். மஞ்சள் பூசி, வரிசையாகக் குங்குமம் வைத்து, மேலே மாவிலைத் தோரணம் கட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி அழகாக இருந்தது. நானும் பழக்கத்தில் குனிந்து தொட்டுக் கும்பிட்டேன். நான் நிமிர்வதற்குள் அப்பாவின் முன் சக்கரம் அதில் இடித்தது. அவர் பின்னால் போய் மறுபடி வந்தார். மறுபடி இடித்தது. சமையலறைக் குப்பியின் மூடி திறக்கவில்லை என்றால் ஒரு மனிதன் எப்படி இரண்டாவது முறை முயல்வானோ, அப்படித்தான், சாதாரணமாக. செயலாளர் ஓடி வந்தார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சக்கரம் ரோட்டில் ஓடியது, மஞ்சள் குங்குமம் வைத்த படியில் படக்கூடாது, உள்ளேயும் பிள்ளையார் இருக்கிறார், செருப்போடு யாரும் வருவதில்லை, அதனால் நாற்காலி வெளியே இருக்கட்டும், அண்ணனை மட்டும் உள்ளே தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார். என்ன சொல்வது என்று நாங்கள் யோசிப்பதற்குள் அவரும் காவல்காரரும் சம்பந்தியும் சேர்ந்து உன் அப்பாவைத் தூக்கிவிட்டார்கள். சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தது. கால் இல்லாத பக்கத்து வேட்டி தொங்கியது. மாலதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வெறுப்பில் இல்லை, மரியாதையில். உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

திரும்பிப் பார்க்கிறேன். காவல்காரர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்ச் செருப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறார். எங்கள் செருப்புகள், சம்பந்தியின் தோல் செருப்பு, மாலதியின் சப்பாத்து, அவற்றோடு உன் அப்பாவின் நாற்காலி. தம்பி, அது அவருடைய கால். நாங்கள் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுக் காலோடு உள்ளே போனோம். அவர் மட்டும் காலையே வெளியே விட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் மண்டபத்தைச் சுற்றிக் காட்டினார்கள். எங்களுக்கு. அப்பாவுக்கு இல்லை, அவர் வைத்த இடத்தில் இருந்தார். மணவறை போடும் இடம், சாப்பாட்டுக் கூடம், பெண்கள் உடை மாற்றும் அறை. ஊனமுற்றோர் கழிப்பறை என்று கதவில் நீலப் படம் ஒட்டியிருந்தது. சீனி வியாதிக்காரருக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்பதால் நான்தான் திறந்து காட்டச் சொன்னேன். காவல்காரர் சாவிக்கொத்தில் ரொம்ப நேரம் தேடினார். திறந்தால் உள்ளே நாற்காலிகளுக்குப் போடும் சாட்டின் உறை மூட்டை மூட்டையாக, பிளாஸ்டிக் பூ வளைவு, உடைந்த ஒரு குத்துவிளக்கு. கைப்பிடிக் கம்பியில் ஈரத் துடைப்பம் தொங்கியது. யாரும் வருவதில்லையே அக்கா, அதனால் சாமான் போட்டிருக்கிறோம் என்றார் செயலாளர். நிலைப்படிக்கு வெளியே சக்கர நாற்காலிக்காரர் எல்லோரையும் நிறுத்திவிட்டு, உள்ளே யாரும் வருவதில்லை என்கிறார். அவருக்கே அது உறைக்கவில்லை. நானும் அப்போது தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் இந்தப் பதில் வந்தது.

ஆனால் இதெல்லாம் என்னை நிலைகுலைய வைக்கவில்லை. படி இல்லாத கட்டடம் எங்கே இருக்கிறது, நமக்குப் பழக்கம்தானே. என்னை அடித்துப் போட்டது அதற்கு அப்புறம் வந்தது. எல்லோரும் அப்பா இருந்த இடத்துக்கே வந்து உட்கார்ந்தோம். சம்பந்தியம்மா தயங்கித் தயங்கி, பாத பூஜை மணவறையில் நடக்கும், உன் அப்பா அங்கே எப்படி ஏறுவார் என்று கேட்டார்கள். மாலதி அதையே நேராகக் கேட்டாள். “அங்கிள், மொதல்ல மாமா வாசலுக்குள்ள எப்படி வருவாரு, அதைச் சொல்லுங்க” என்றாள். செயலாளர் சிரித்தார். “அதுக்கென்னம்மா, நாலு பேரு நிக்கிறோம்லா. ராஜா மாதிரி தூக்கிட்டு வந்து உக்கார வச்சிருவோம்” என்றார். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, “ராஜாவையும் நாலு பேரு தூக்குவாங்க, பொணத்தையும் நாலு பேரு தூக்குவாங்க. நான் இன்னும் ரெண்டும் ஆகலையேங்க” என்றார்.

செயலாளருக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை எப்படியாவது நல்லபடியாக முடிக்க வேண்டும் என்று, உன்னைப் புகழ ஆரம்பித்தார். ரேம்ப் எல்லாம் முறைப்படி இருக்கிறது, நகராண்மைக் கழகத்தில் ஒரு கேள்வி வரவில்லை, எல்லாம் உங்கள் மகன் புண்ணியம் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “வாசப்படி இல்லாம மங்கள காரியம் எப்படிங்க நடக்கும்னு கமிட்டியில ஒரே பேச்சு. உங்க பையன்தான் வழி சொன்னாரு. இன்ஸ்பெக்ஷன் வரைக்கும் தரையைச் சமமா விட்டுடுங்க, சர்டிபிகேட் கைக்கு வந்ததும் கல்லை வச்சுக்குங்க, யாரும் திரும்ப வந்து பாக்கப் போறதில்லைன்னு. சின்ன வயசு, ஆனா நல்ல மூளை” என்றார். உன் அப்பாவின் முகத்துக்கு நேராக, பாராட்டாக.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். அவருடைய கையைத்தான் பார்த்தேன். கையுறையை இன்னும் கழற்றாமல் இருந்தார். ஒவ்வொரு விரலாக அதை உருவி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சம்பந்தியைப் பார்த்து, மண்டபம் நன்றாக இருக்கிறது, உங்களுக்குப் பிடித்தால் முடித்துவிடுங்கள் என்றார். பிறகு மறுபடி தூக்கினார்கள். செருப்புத் தட்டு வரைக்கும்.

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன். அந்த மனிதர் ஏதோ மாற்றிப் பேசுகிறார், நீ கோபப்படுவாய் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். நீ கோபப்படவில்லை. “அம்மா, எல்லா எடத்திலயும் இப்படித்தான்மா. சர்டிபிகேட்டுக்கு ஒன்னு, அதுக்கப்புறம் ஒன்னு. அவங்களே வேணும்னு கேக்குறப்ப நான் என்ன செய்ய? அப்பாவுக்கு அன்னிக்கு ஒரு நாள்தானே, தூக்கிக்கலாம்” என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தை ஆறாம் வகுப்போடு முடித்தவள். மலாய் எழுத்தை உங்கள் பாடப் புத்தகத்தை வைத்துத்தான் கற்றேன். கட்டட விதியைப் பற்றி உன்னிடம் பேச எனக்குத் தகுதி இல்லை என்று நீ நினைக்கலாம். திங்கட்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் தேடிப் பிடித்து, அவள் வாசிக்க வாசிக்கக் கேட்டேன். பொதுமக்கள் வருகிற கட்டடத்தில், சக்கர நாற்காலியில் வருகிறவர் மற்றவர் உதவி இல்லாமல் உள்ளே போய்வர வழி இருக்க வேண்டும் என்கிறது. உதவி இல்லாமல், தம்பி. நாலு பேர் தூக்கலாம் என்று எங்கும் இல்லை. அதைப் படித்து நீ வேலைக்கு வந்தாய். நான் கேள்விப்பட்டு ஒரு நாள்தான் ஆகிறது. எனக்கே அது நெஞ்சில் நிற்கிறது.

விதியைக்கூட விடு. அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த வாரம் நம் வீட்டில் நடந்ததை நீ மறந்துவிட்டாயா? நம் வாசலில் இருந்த மரப் படியை அறுத்து எடுத்தது நீ. நீ தங்கி வேலை பார்க்கும் தெப்ராவிலிருந்து ரம்பத்தோடு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேர்க்க வேர்க்க அறுத்தாய். நான் சண்டை போட்டேன். வெள்ளிக்கிழமை எங்கே மஞ்சள் பூசுவேன், மகாலட்சுமி எங்கே நிற்பாள் என்று அழுதேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை, உனக்குத் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். நீ கோபிக்கவில்லை. நிலையின் இரண்டு பக்கமும் தடவிக் காட்டி, “இங்க வைம்மா. சாமிக்கு உசரம் தெரியாதா?” என்றாய். நான் அப்படியே வைத்தேன். இன்றுவரை அங்கேதான் வைக்கிறேன். வீட்டில் ஒரு குறையும் வரவில்லை. இதைச் சொல்லத் தெரிந்த வாய் கமிட்டிக்கு முன்னால் ஏன் அடைத்துக்கொண்டது? உன் அப்பாவுக்கு ஒரு வாசல், ஊரில் இருக்கிற மற்றவர்களின் அப்பாவுக்கு ஒரு வாசலா? கடைசியில் பார், ஊர் வாசலிலேயே உன் அப்பாவும் வந்து மாட்டிக்கொண்டார்.

தூக்குவது என்றால் என்ன என்று அப்பாவுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது வந்த வெள்ளத்தில் நம்மை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். கீழே தண்ணீர் ஏற ஏற எல்லோரையும் மாடிக்குப் போகச் சொன்னார்கள். நம் வரிசை வீட்டில் இருந்த சீனப் பெரியவர், நடக்க முடியாதவர், அவரை உன் அப்பாதான் முதுகில் சுமந்து மாடிக்கு ஏற்றினார். கழிப்பறைக்கு இறக்கினார், மறுபடி ஏற்றினார். எல்லோரும் அப்பாவைத் தெய்வம் என்றார்கள். வீடு திரும்பிய பிறகு அந்தப் பெரியவர் அப்பாவைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வார். எனக்குக் கோபம் வந்தது, நன்றி கெட்ட மனிதர் என்றேன். அப்பா சொன்னார்: “அப்படிச் சொல்லாத. நான் அவர பாக்கக் கூடாத நெலமையில பாத்துட்டேன். அவருக்கு என் மூஞ்சியப் பாத்தா அதுதான் ஞாபகம் வரும்.” தூக்கியவர் இதை உணர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை தூக்கப்பட்டவரும் அவரே.

நீ கேட்பாய், சாமிக்குப் பயப்படுகிற நீயா இப்படி எழுதுகிறாய் என்று. சாமிக்குப் பயந்துதான் எழுதுகிறேன். மூன்று நாளாக இதைத்தான் யோசிக்கிறேன். தேர்த் திருவிழாவில் முருகன் ரதத்தில் வருகிறார். அந்தச் சக்கரமும் ரோட்டில் ஓடியதுதான், அதற்கு மஞ்சள் நீர் ஊற்றி எலுமிச்சம்பழம் வைக்கிறோம், யாரும் முகம் சுளிப்பதில்லை. ரதம் உள்ளே வராது, சாமியைத் தோளில் தூக்கித்தானே உள்ளே கொண்டு போகிறோம் என்று செயலாளர் சொல்லலாம். உண்மை. ஆனால் தூக்குவதற்கு முன்னால் குருக்கள் தீபம் காட்டி, சாமியிடம் உத்தரவு கேட்கிறார். கல்லுக்கும் பஞ்சலோகத்துக்கும் நாம் காட்டுகிற அந்த மரியாதையை, உயிரோடு உட்கார்ந்திருந்த மனிதருக்கு யாரும் காட்டவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. நிலைப்படியில் நிற்கிற தாயார் தீயதை உள்ளே விடாமல் காப்பவள் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரரை அவள் தடுப்பாள் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. உன் முதலாளிக்குக் கமிட்டி வாடிக்கையாளர், நீ சின்ன இடத்தில் இருக்கிறாய், முடியாது என்றால் வேறு ஒருவன் முடியும் என்பான். வேலையில் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கும், நானும் குடும்பத்தில் வளைந்தவள்தான். ஆனால் வளைவதற்கு முன்னால், இது யார் மேல் போய் விழும் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். நாளைக்கு மாலதி உன்னோடு வாழப் போகிறாள். அவள் அன்று வாசலில் கேட்ட கேள்வியை நீ வரைபடத்தில் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் கெட்டிக்காரி. தங்காக்கில் அவர்கள் துணிக்கடை வாசலிலும் ஒரு படி இருக்கிறதாம், போகும்போது அதைத் தன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே போனாள். செயலாளர் சொன்னதை அவளிடம் நீ எப்படி விளக்குவாய் என்று எனக்குத் தெரியவில்லை. சமாளிக்க மட்டும் பார்க்காதே. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பெண் தன் வருங்காலப் புருஷன் சமாளிப்பதைப் பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அவன் உண்மை பேசினாலும் சந்தேகமாகத்தான் கேட்பாள்.

இப்போது உன்னிடம் நான் மறைத்து வைத்திருந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு இரவு சாப்பிட்டு முடித்து, மாத்திரை கொடுக்கும்போது அப்பா சொன்னார்: “அவன் கல்யாணத்துக்கு நான் வரல. பாத பூஜைக்கு எங்க அண்ணன உக்கார வை. கேட்டா ஒடம்பு முடியலன்னு சொல்லிக்கலாம்.” கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயப்பட்டிருக்க மாட்டேன். தண்ணீர் வேண்டும் என்பதுபோலச் சொன்னார். ஒரே மகன், உங்கள் காலில் விழுந்து எழ வேண்டிய கல்யாணத்தில் நீங்கள் இல்லாமலா என்று அவரிடம் கேட்டேன். “அவன் கழுவுறதுக்கு இருக்கிறது ஒரு காலு. அதையும் நாலு பேரு தூக்கிக் கொண்டாந்து காட்டணுமா?” என்றார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டபக் கமிட்டி கூடுகிறது. நான் செயலாளரிடம் கேட்டுவிட்டேன், யார் வேண்டுமானாலும் வந்து பேசலாமாம். நான் போகப் போகிறேன். மண்டபத்துக்கு இருக்கிற இரண்டு வாசலில் ஒன்றிலாவது கல்லை எடுத்துவிடுங்கள், மஞ்சளை நிலையில் பூசிக்கொள்வோம், சக்கரத்தைத் துடைக்க நானே ஒரு துணி வாங்கி வைக்கிறேன், அந்தக் கழிப்பறையையும் காலி செய்யுங்கள் என்று கேட்கப் போகிறேன். ஒரு வீட்டுப் பெண் சொன்னால், ‘உங்க மகனே வைக்கலாம்னு சொன்னாரேக்கா’ என்று ஒரே வார்த்தையில் என்னை உட்கார வைத்துவிடுவார்கள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. உன்னிடம்தான் இருக்கிறது. நீ வந்து, ‘நான் சொன்னது தவறு, அதைத் திருத்த வேண்டும்’ என்று உன் வாயால் அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்காதே. என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. அவர்கள் கல்லை எடுப்பார்களா என்றும் தெரியாது. எடுக்காவிட்டால் கல்யாணத்தைப் புல் தரையில் பந்தல் போட்டு வைத்துக்கொள்ளலாம், சம்பந்தி ஒத்துக்கொள்வார். ஆனால் பந்தல் போட்டாலும், நீ அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் அப்பா உன் கல்யாணத்துக்கு வரமாட்டார். அவருடைய கோபம் கல்லின் மேல் அல்ல.

இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைக்க வேண்டாம். உன்னோடு வரைகிற பிள்ளைகளும் படிக்கட்டும், அவர்களுக்கும் அப்பா இருப்பார்.

பாத பூஜைக்கு உட்காரப் பெரியப்பாவிடம் கேட்டுவிட்டாயா என்று அப்பா தினமும் என்னை விசாரிக்கிறார். போன் எடுக்கவில்லை, வெளியூர் போயிருக்கிறார் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். இந்த வாய் இவ்வளவு பொய் சொல்லிப் பழக்கமில்லை. சனிக்கிழமை வருவாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுதி அனுப்பு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அம்மா